களத்தில் மடங்காத முட்டி

ஒன்பது வயதில் நான் என் அப்பாவை வெறுத்தேன். மூன்று மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படி வெறுப்பதற்கான நியாயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

வாரத்தில் ஆறு நாள் அப்பா மன்னார்குடிப் பக்கத்து மிராசுதார் ஒருவரின் வயலில் கூலியாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் தெரு மாதாகோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லும் வாத்தியார். ராஜா செய்து வைத்த பொற்சிலைக்கு முன்னால் ஊரே விழ, மூன்று வாலிபர்கள் மட்டும் நிமிர்ந்து நின்று எரிகிற சூளைக்குள் போன கதையை அவர் சொன்னால் எங்களுக்கே அனல் அடிக்கும். "கடவுளுக்கு முன்னால மட்டுந்தான் முட்டி மடங்கணும், வேற எவனுக்கும் மடங்கப்படாது" என்று முடிப்பார். நான் நம்பித் தொலைத்தேன்.

அந்த அறுவடையில் கூலி கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே வேலையை நிறுத்தியது. ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். மிராசுதாரும் ஆளுங்கட்சிக் கரைத்துண்டுதான் போட்டிருந்தார். வெளியூர் ஆட்களை இறக்கி, போலீஸ் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, அறுப்பை முடித்துக்கொண்டார். பிறகு சொல்லி அனுப்பினார். எங்கள் குடிசைகள் நிற்பது அவருடைய மனையாம். அதில் தொடர்ந்து இருக்க நினைப்பவர்கள் குடும்பத்தோடு களத்துக்கு வந்து காலில் விழ வேண்டுமாம். வராதவர்களின் குடிசை பொழுது சாய்வதற்குள் பிரிக்கப்படுமாம்.

நெல் தூற்றுகிற களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குடும்பம் குடும்பமாக விழுந்து எழுந்தார்கள். எங்கள் முறை வந்தது. அப்பா தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கைக்குழந்தையோடு அம்மாவும் விழுந்தாள். நான் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சூளைக்குள் போக நான் தயார்.

"என்னடா, வேதக்காரன் மவளுக்கு முட்டி மடங்காதோ?" என்றார் மிராசுதார்.

"சின்னப் புள்ளைங்கய்யா, தெரியாதுங்க" என்று அப்பா எழுந்தார். என்னிடம், "விழு" என்றார்.

"நீதானப்பா சொன்ன, கடவுளுக்கு மட்டுந்தான்னு."

கன்னத்தில் அறை விழுந்தது. பிடரியைப் பிடித்து என்னைத் தரையோடு அழுத்தினார். வாயெல்லாம் பதர். மேலே மிராசுதார் சிரித்தார். அந்த ஆள் செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. சூளைக்குள் இறங்கி வாலிபர்களைக் காப்பாற்றிய கடவுள், எங்கள் களத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

அடுத்த ஞாயிறு, பழைய பாடத்தைக் கேட்காமல் அப்பா புதுப் பாடத்துக்குத் தாவப் பார்த்தார். ஒரு பொடியன் தானாகவே எழுந்து, "சிலைக்கு விழாதவங்க மூணு பேரு சார்" என்று ஒப்பித்தான். நானும் எழுந்தேன்.

"நம்ம தெருவுல இப்ப ஒருத்தருமில்ல" என்றேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனார். அன்றைய ஆராதனையில் நற்கருணை வாங்க எல்லோரும் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டார்கள். அப்பா கடைசி பெஞ்சை விட்டு எழவில்லை. மிராசுதார் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்து அப்பம் கொடுக்கிற எங்கள் பாதிரி ஐயர் ஜாடை காட்டிக் கூப்பிட்டும் எழவில்லை.

சில வருடம் கழித்து, குடியிருந்தவர்களுக்கே மனை என்று சட்டப்படி பட்டா வந்தது. களத்துக்கு வராமல் குடிசையைப் பறிகொடுத்துப் போன நான்கு குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது. அந்தக் கூரையின் கீழிருந்துதான் நான் கல்லூரிக்குப் போனேன். அப்பா சாகும்வரை நற்கருணை வாங்கவில்லை. அவருக்குத் தண்டனை கொடுத்தது கடவுளல்ல, அவரேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? காலியான பெஞ்சில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவரை பீடத்தருகிலிருந்து திரும்பிப் பார்த்தேன். கடவுளும் என் கட்சிதான் என்று சந்தோஷப்பட்டேன்.