பேட்டரி இறங்கிய மாம்பழ சீசன்

எண்பதுகளின் கடைசியில் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். தோப்பிலிருந்து வரும் மண்பாதை ஓர் இடத்தில் ஓடைக்குள் இறங்கி ஏறும். காய் பழுக்கிற காலத்தில் யானை இறங்குவதும் அங்கேதான். முந்தின வருஷம் பக்கத்துத் தோப்புக் காவல்காரரை அந்த ஓடையில்தான் அடித்துக் கொன்று போட்டிருந்தது. துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்த என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

"குத்தகைய விட்ருங்க" என்றாள்.

"அவரு சைக்கிள்ல போனாரு. எங்கிட்ட வண்டி இருக்குல்ல" என்று வீறாப்பாகச் சொன்னேன்.

செகண்டு ஹேண்டில் வாங்கிய பெரிய மோட்டார் சைக்கிள் அது. பேட்டரியில் கரண்டு இல்லையென்றால் பிளக்கில் பொறி வராது; எம்புட்டு உதைத்தாலும் கிளம்பாது. ராஜபாளையத்தில் எனக்கு வண்டி பார்க்கிற பாய், "பேட்டரிதான் அண்ணாச்சி இதுக்கு உசுரு" என்று வாங்கிய அன்றே சொல்லியிருந்தார். என் மனைவியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். காவல்காரர் செத்தபிறகு வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குத் திருநீறு பூச ஆரம்பித்தாள். ஹெட்லைட்டுக்கு, டேங்குக்கு, அப்புறம் பக்கவாட்டு மூடியைக் கழற்றி பேட்டரிக்கும். அவள் ஊர்க் காவல் தெய்வத்தின் திருநீறு. தண்ணீரில் குழைத்து, நெற்றிக்குப் போடுகிற மாதிரியே பட்டை போடுவாள். நான் கிண்டல் செய்வேனே தவிர, தடுத்ததில்லை.

சீசன் தொடங்கிய புதிதில் ஒரு நாள் பொழுது சாய்ந்த மம்மலில், ஓடையில் இறங்க வேகத்தைக் குறைத்தேன். லைட் மஞ்சளாகி, இஞ்சின் திணறி நின்றுவிட்டது. உதைத்தேன். முழங்கால் விட்டுப்போகிற மாதிரி உதைத்தேன். மேட்டுப் பக்கம் மூங்கில் ஒடிகிற சத்தம். ஒன்று ஒடிந்தது, செத்த நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னும் பக்கத்தில் ஒன்று. பச்சைச் சாணி நாற்றம் மூக்கில் ஏறியது. வண்டியை மணலில் தள்ளி அக்கரை ஏற்றுவதற்குள் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, வண்டி ஓடையில் நின்றுபோனதை அவளிடம் சொன்னேன். என் முகத்தையும் நனைந்த சட்டையையும் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை பட்டை இன்னும் தடிமனாக விழுந்தது.

பாய் ஒழுங்காகத்தான் பார்த்தார். இஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைத் திருக, மீட்டர் முள் ஏறியது. "சார்ஜ் ஏறுதே" என்றார். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் ஒரு பல்பைக் கோர்த்தார். வண்டிக்குள் எங்கேயாவது கரண்டு கசிந்தால் பல்பு லேசாகவாவது எரிய வேண்டும். எரியவில்லை. இருந்தாலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிடுகிற ரெக்டிபையரை மாற்றினார். ஒரு வாரம் ஓடியது. மறுபடியும் அதே ஓடைக்குப் பக்கத்தில் நின்றது. புது பேட்டரி போட்டோம். அதுவும் இறங்கியது. ஏதோ ஒன்று என்னை அந்த இடத்துக்கே இழுத்துப்போய் நிறுத்துகிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. வெளியே சொல்வேனா? பாயைத்தான் ஏசினேன்.

கடைசியில் பாய் பேட்டரியைத் தனியே கழற்றி, கடையில் ஒரு பலகைமேல் வைத்துக்கொண்டார். எந்த ஒயரும் இல்லை, வண்டியும் இல்லை. சில நாள் கழித்துப் போனேன். அப்படியும் இறங்கியிருந்தது.

அவர் மீட்டரை எடுத்து, ஒரு முனையை டெர்மினலில் வைத்தார். மறு முனையை அடுத்த டெர்மினலுக்குக் கொண்டுபோகையில் அது திருநீற்றுப் பட்டையில் பட்டது. முள் எழுந்தது. கையை எடுத்தார், விழுந்தது. வைத்தார், எழுந்தது. பேட்டரியின் மேல்மூடி வழியாகக் கசிகிற ஆசிட்டில் ஊறி, அந்தத் திருநீறு காயாமல் சொதசொதவென்று இருந்தது. பிளஸ்ஸிலிருந்து மைனஸ் வரைக்கும் பட்டை.

"இதுவழியாத்தான் ராப்பகலா வடியுது. ஓடையில வேகத்தக் கொறச்சதும் கரண்டு பத்தாம நின்னுருது" என்றார்.

"இத்தன நாளும் பாத்தீங்கள்ல, தொடச்சிருக்கக் கூடாதா?" என்று பாய்ந்தேன்.

"உங்க சாமி திருநீறு அண்ணாச்சி. நான் எப்படிக் கை வைக்க? புது பேட்டரிக்கும் பூசிருந்தாக. அதத் தொட்டுறக் கூடாதுன்னு எம்புட்டுப் பதனமா கிளிப்பு மாட்டுவேன் தெரியுமா?"

துண்டை நனைத்து நானே துடைத்தேன். கிளம்பும்போது, "வீட்ல சொல்லிராதீங்க, மனசு ஒடிஞ்சிருவாக" என்றார் பாய்.

சொல்லவில்லை. ரெக்டிபையர்தான் கோளாறு என்று வீட்டில் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை அவள் பூசுவாள். நான் காட்டுப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை அணைக்காமலே இறங்கி, மூடியைக் கழற்றித் துடைப்பேன். என் உசுருக்காக அவள் பூசியதை என் கையாலேயே வழித்து எறிந்துவிட்டு அந்தப் பாதைக்குள் போவது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஓடையில் மூங்கில் ஒடிந்ததற்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

துண்டு காட்டிக்கொடுத்துவிட்டது. துவைக்கப் போட்டதை அவள் விரித்துப் பார்த்திருக்கிறாள். பொத்தல் பொத்தலாக அரித்திருந்தது.

"இது என்னங்க?"

"பேட்டரி ஆசிட்டு."

"துண்டு எதுக்குப் பேட்டரிகிட்ட போச்சு?"

எனக்குப் பொய் சட்டென்று வராது, எரிச்சல்தான் வரும். "உன் திருநீறுதான் கரண்ட உறிஞ்சிருக்கு. தொடச்சுட்டுத்தான் போறேன், போதுமா?" என்றேன்.

அவள் அந்தத் துண்டை மடித்தாள். மறுபடி விரித்தாள்.

"அப்போ அன்னைக்கு ஓடையில உங்கள நிப்பாட்டுனது நாந்தானா?"

"அதெல்லாம் இல்ல, விடு" என்றேன். அதை அவள் நம்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் வராமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

"இனிமே உங்களுக்கு நான் என்னதாங்க செய்யட்டும்?"

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. காய் இன்னும் பாதிக்குமேல் மரத்தில்தான் கிடந்தது. நான் தோப்புக்குப் போனேன்.