குதிரைக்கு இல்லாத வெட்கம்

வெள்ளைக்காரர் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டு மூட்டை கட்டிய காலத்தில் என் வீட்டுக்காரர் ஒரு குதிரை வாங்கினார். போகிற துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழுப்புக் குதிரை. தம்பலகாமத்து வயலுக்கு வண்டியில் போய்வரலாம் என்று காரணம் சொன்னார். கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை.

விதை இரண்டும் எடுத்தாயிற்று, பசு மாதிரி நிற்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பசு மாதிரி நிற்கவில்லை. வீதியில் ஒரு பெட்டைக் குதிரையைக் கண்டதும் முன்காலைத் தூக்கி வண்டியைக் கவிழ்த்துவிட்டது. இவர் உடனே ஆளனுப்பி மாட்டு டொக்டரைக் கூப்பிட்டார். அவர் தொடையிடுக்கைத் தடவிப் பார்த்தார். ஒரு விதை கீழே இறங்காமல் உள்ளேயே நிற்கிறது, இறங்கியிருந்ததை மட்டும் எடுத்துவிட்டு முழுதும் எடுத்ததாகத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். அதன் பிறகு கடைத்தெருவில் இவருக்கு வேறு கதையே இல்லை. எந்தப் பக்கம், எவ்வளவு உள்ளே, எப்படி வெட்டி எடுப்பது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கம்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் மகனுக்கும் அதே குறைதான். கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டுகையில் கண்டேன். இடப்பக்கத்துப் பை வெறுமையாக இருந்தது. சொன்னேன். "வளர வளர இறங்கும். ஆரிட்டையும் வாய் திறக்காதை" என்றார். நடக்கத் தொடங்கியதும் பிள்ளைக்குக் காற்சட்டை வந்துவிட்டது. அயலில் உள்ள பொடியன்கள் அரைஞாண் கயிற்றோடு ஓடித்திரிந்த வெயிலில் என் பிள்ளை வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு நின்றான். எவ்வளவு மரியாதையாக வளர்க்கிறார்கள் என்று சனம் மெச்சியது. இவரும் அதை வாங்கிக்கொண்டு சிரித்தார். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வந்தும் அது இறங்கவில்லை. ஆஸ்பத்திரி என்று நான் வாயெடுத்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

குதிரைக்கு எங்கள் வளவு வேப்பமரத்தின் கீழே ஒப்பரேஷன் நடந்தது. மயக்கமருந்து கொடுத்துச் சாய்த்துக் காலைக் கட்டினார்கள். கடைக்காரர்களும் கிண்ணியாவிலிருந்து வந்த நெல் வியாபாரியும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் டொக்டர் கைகழுவ வந்தார். நான் செம்பில் தண்ணீர் வார்த்தேன்.

"இது தகப்பன் வழியில வாறதெண்டும் சொல்லுறவை" என்றார் அவர். "மனுசரிலயும் இருக்கு. சூட்டுக்குள்ள கிடந்தால் விதை பழுதாப்போகும். பிறகு கட்டி வந்தாலும் வரும்."

"எங்கட பக்கத்தில அப்பிடி ஒண்டும் இல்லை, டொக்டர்" என்று இவர் சிரித்தார். மகன் தகப்பனுடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் செம்பைக் கீழே வைத்தேன். "இருக்கு, டொக்டர். இந்தப் பிள்ளைக்குத்தான். ஒரு பக்கம் இறங்கேல்லை. எப்ப காட்டவேணும்?"

நின்ற ஆண்கள் எல்லாருக்கும் திடீரென்று வேப்பமரத்தின் உச்சியில் ஏதோ வேலை வந்துவிட்டது. டொக்டர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். "பிந்தவேண்டாம், தங்கச்சி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இப்ப செய்தால் சுகமாய் முடிஞ்சிடும்."

சனம் கலைந்ததும் இவர் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். "ஊருக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்!"

"குதிரைக்கு வெட்டேக்க போகாத மானம் பிள்ளைக்குக் காட்டினால் போயிடுமோ?"

"என்னடி பெரிய கதை? எங்கட அண்ணனுக்கு ரெண்டும் இறங்கேல்லை. அவர் செத்தோ போனார்? கலியாணம் கட்டி இருக்கேல்லையே?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. அவருடைய தமையனின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எனக்குக் கலியாணமாக முன்பிருந்தே அவரை அந்த வீட்டில் மலடி என்றார்கள். என் மகனுக்குச் சோறூட்டிய அன்று அவரைப் பின்வளவில் இருத்திவைத்தார்கள், பிள்ளைக்கு முன்னால் வரக்கூடாதாம். தமையன் சால்வையோடு நடுச்சபையில் இருந்தார். அவருக்கு இரண்டாந்தாரம் பார்க்கலாமா என்றுகூடக் கதை நடந்தது. தெரிந்துகொண்டே கதைத்திருக்கிறார்கள், பாவிகள்.

"அக்காவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. நீ சொல்லிப்போடாதை."

"நாளைக்கு வந்து பிள்ளைக்குக் கையெழுத்துப் போடுங்கோ."

தகப்பன் கையெழுத்தில்லாமல் வெட்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் வந்தார், குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். அதற்கு விலையாக நான் வாயை மூடிக்கொள்வேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி டொக்டர் விதையைக் கீழே இறக்கித் தைத்துவிட்டார். அது பழுதாகவில்லை, நல்ல காலம், இன்னும் பிந்தவில்லை என்றார். நான் வாட்டிலேயே நின்று அழுதேன். ஊருக்குக் குடலிறக்கம் என்று இவர் சொல்லிவைத்தார். வேப்பமரத்தின் கீழே நின்றவர்களும் தோடம்பழத்தோடு வந்து, குடலிறக்கம் எப்படி என்று கூசாமல் விசாரித்தார்கள்.

அக்கா அடுக்குச்சட்டியில் எனக்குச் சோறும் பருப்பும் கொண்டுவந்தார். கட்டிலுக்குக் கிட்ட வராமல் தள்ளி நின்றே பிள்ளையைப் பார்த்தார். அப்படித்தான் அவரைப் பழக்கிவைத்திருந்தார்கள். நான் அவருடைய கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தி, பிள்ளைக்கு என்ன குறை, அது யாருடைய வழியில் வந்தது, அவருடைய புருஷனுக்கு என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. கனநேரம் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப, நான் பட்டினி கிடந்த வெள்ளிக்கிழமையெல்லாம்?" என்று கேட்டார்.

அன்றும் வெள்ளிக்கிழமை. பச்சைத்தண்ணியும் பல்லில் படாமல் வந்திருந்தார். எனக்குக் கொண்டுவந்த அடுக்குச்சட்டியை எடுத்துத் திறந்தார். பருப்பை ஊற்றிப் பிசைந்து, பெரிய பெரிய கவளமாக வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார்.

"என்ன அண்ணி, இண்டைக்கு விரதமெல்லோ?"

அக்கா நிமிர்ந்து அவரை நேருக்கு நேர் பார்த்தார். "இனி விரதத்தை உங்கட அண்ணனைப் பிடிக்கச் சொல்லுங்கோ, தம்பி" என்றுவிட்டு, அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.