கழற்றாத பல்

வாய் மணக்கிறது என்று நேராகச் சொல்லிக்கொண்டு எவரும் என்னிடம் வந்ததில்லை. பல் கூசுகிறது என்பார்கள், பல் முரசு வீங்கியிருக்கிறது என்பார்கள். எல்லாம் கதைத்து முடித்து, எழும்பிக் கதவடிக்குப் போன பிறகுதான் திரும்பி நின்று, "டொக்டர், இன்னுமொரு விசயம்..." என்று இழுப்பார்கள். நெடுங்கேணிப் பக்கத்தில் பல் வைத்தியராக வேலைக்கு வந்து எட்டு வருடமாகிறது. அந்த இழுவை கேட்டவுடனேயே முகக்கவசத்தைக் கழற்றிவிடுவேன். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்க்காமல் இந்த வருத்தத்துக்கு வைத்தியம் கிடையாது. நெளுக்குளத்து வீட்டில் சாப்பிடும்போது இந்தக் கதையை எடுத்தால் என் மனிசன் சோற்றுக் கோப்பையோடு விறாந்தைக்குப் போய்விடுவார்.

இதில் இன்னொரு கரைச்சலும் உண்டு. எங்கள் சனம் ஆஸ்பத்திரிக்கு வருவது கோயிலுக்குப் போவது மாதிரி. குளித்து, நல்ல உடுப்பு உடுத்து, இரத்தம் வருமட்டும் பல் விளக்கி, கதவடி வரைக்கும் கராம்பு சப்பிக்கொண்டு வருவார்கள். டொக்டருக்குக் கொடுக்கிற மரியாதையாம். எனக்குக் கராம்பு மட்டுந்தான் மணக்கும், வருத்தம் மணக்காது.

அந்தப் பெண்ணும் கராம்பு வாசத்தோடுதான் வந்தாள். முப்பது வயது இருக்கும். கூடவே மாமி, புருசனின் தாய். இங்கே ஒருவரும் தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கூட வருகிறவர் வெளியில் நிற்பதுமில்லை. மாமி கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு தானே தொடங்கினா.

"டொக்டர், இவாவுக்கு வயித்திலதான் பிழை. சீரகத் தண்ணி அவிச்சுக் குடுத்துப் பாத்தாச்சு, ஒண்டுக்கும் கேக்குதில்லை. தங்கமான பிள்ளை, சொல்லக்கூடாது. ஆனால் ஒருத்தரோடையும் கிட்ட நிண்டு கதைக்க மாட்டா. வாய் மணக்குதெண்டு அவாவுக்கே தெரியும்."

வாய் மணந்தால் எல்லாரும் வயிற்றில்தான் பழியைப் போடுவார்கள். பாவம் வயிறு. பெரும்பாலும் குற்றவாளி வாய்க்குள்ளேயே இருப்பான். அவளை வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தைத் திருப்பினேன். மேல் வரிசையில் முன் பல் ஒன்று கட்டுப்பல். அதைப் பிடித்திருக்கிற பிளேட் அண்ணம் முழுக்கப் படர்ந்திருந்தது.

"இந்தப் பிளே..." என்று நான் தொடங்கியதுதான், அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நல்ல இறுக்கம். கண் ஒருமுறை மாமியிடம் போய்த் திரும்பியது.

எனக்கு விளங்கிவிட்டது. "அம்மா, இவாவின்ர கார்ட்டில சீல் குத்தேல்லை. வெளியில போய்க் குத்திக்கொண்டு வாங்கோ," என்றேன். பச்சைப் பொய். மாமி புறுபுறுத்துக்கொண்டு போனா.

கதவு சாத்தியதும் அவள் மளமளவென்று சொன்னாள். "சின்னனில இடம்பெயர்ந்து போகேக்க ட்ரக்டர் பெட்டியில இருந்து விழுந்து உடைஞ்சது டொக்டர். கலியாணம் பேசேக்க அம்மா சொன்னவா, கட்டுப்பல்லெண்டு வாய் விட்டிடாதை, பொம்பிளையில குறையெண்டு சொல்லிப் போடுவினமெண்டு. பிறகு எப்பிடிச் சொல்லுறது? இவருக்குத் தெரியாது."

"எத்தினை வருசம்?"

"ஆறு."

"ஆறு வருசமாக் கழட்டேல்லையோ?"

"கிணத்தடியில ஆளில்லாத நேரம் கழட்டிக் கழுவுவன். படுக்கேக்க ஒருநாளும் இல்லை."

கழற்றச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கழற்றித் தந்தாள். நாட்கணக்கில் சுருட்டி வைத்த ஈரத்துணி மணம். அண்ணம் பிளேட்டின் அளவுக்கே சிவந்திருந்தது. வாயை மூடி மூக்கால் மூச்சு விடச் சொன்னேன், மணமே இல்லை. வாயால் ஊதச் சொன்னேன்; கராம்பையும் தாண்டி வந்தது. வயிறு தப்பியது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், அது என் பிறவிக் குணம். "உமக்கென்ன விசரே? படுக்கேக்க செருப்பைக்கூடக் கழட்டுறம்! நித்திரையில வாய் காய்ஞ்சு போகும், அந்த நேரந்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். அதுக்குப் பாயும் விரிச்சுக் குடுத்திருக்கிறீர்!"

"பகலில கொஞ்ச நேரம் கழட்டினால் காணாதோ டொக்டர்?"

"பகலில மாமிக்குக் கண் தெரியாதோ?"

சிரித்தாள். அடுத்த நிமிடமே அழுதாள். "ஏமாத்திக் கட்டிப் போட்டினமெண்டு சொல்லி இவர் என்னை அம்மா வீட்டை அனுப்பிப் போட்டால்?"

அவளைத் திரும்பவும் கதிரையில் சாய்த்தேன். பல்லில் படிந்திருந்த காறையைச் சுத்தம் செய்தேன். நாக்கின் பின்பக்கம் வரை வழிக்கக் காட்டிக் கொடுத்தேன். அண்ணத்துக்குப் பூச மருந்து தந்தேன். இரவில் பிளேட் தண்ணீர்க் கோப்பைக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் தருவதெல்லாம் வீண் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதற்குள் மாமி, சீல் என்று ஒன்றே கிடையாதாம் என்று வெளியில் இருந்தவர்களைத் திட்டிக்கொண்டு திரும்பி வந்தா.

"வயித்தில ஒண்டுமில்லை அம்மா, வாயிலதான் புண். மாறிடும்," என்றேன்.

இரண்டு கிழமையில் வரச் சொன்னவள் வரவில்லை. மூன்றாம் கிழமையும் வரவில்லை. ஐயோ, இந்த வாயை வைத்துக்கொண்டு கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்னையே பேசிக்கொண்டேன். ஒரு குடும்பம் என்னால் பிரிந்ததோ என்று உண்மையாகவே பயந்தேன்.

பிறகு ஒருநாள் காலை அவளுடைய புருசன் வந்தார். வயலில் அரிவி வெட்டுக் காலம், சேட்டில் வைக்கோல் தூசி. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "நீங்களோ என்ர மனிசிக்குப் பல்லுப் பாத்தது?" என்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"ஓம். அவா உங்களை ஏமாத்த வேணுமெண்டு..."

"அதை விடுங்கோ டொக்டர்." நோயாளியின் கதிரை நுனியில் இருந்தார். "மூண்டு நாளைக்கு முன்னம் எல்லாம் சொல்லிப் போட்டா. பல்லுத்தானே? என்ர அண்ணருக்கு ஒரு கால் இல்லை, அவரும் கலியாணம் கட்டிப் பிள்ளையளோட இருக்கிறார்." ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு இது வேற. ஆறு வருசமா அவா மற்றப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறவா. நான் ஏதும் பகிடி சொன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போயிடுவா. விருப்பமில்லாத ஒருத்தனுக்குக் கட்டி வைச்சிட்டினம், பாவம், பொறுத்துக்கொண்டிருக்கிறா எண்டு நினைச்சனான். இதை நான் ஆரிட்டைக் கேக்க?"

என் கண் கலங்கிவிட்டது. முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்கிற சாட்டில் துடைத்துக்கொண்டேன்.

"அவா ஏன் வரேல்லை?"

"நீங்கள் ஏசிப் பேசுவியளாம்." முதல் தடவையாகச் சிரித்தார். "அதுதான் என்னை அனுப்பினவா. பிளேட்டைச் சுடுதண்ணியில கழுவலாமோ எண்டு கேக்கச் சொன்னவா."

"ஐயையோ, சுடுதண்ணி கூடாது, வளைஞ்சு போகும். பச்சைத் தண்ணியும் கொஞ்சம் சவுக்காரமும் காணும். மெல்லிய பிரஷ்ஷால தேய்க்கச் சொல்லுங்கோ. இனி நான் பேச மாட்டன், வரச் சொல்லுங்கோ."

"பச்சைத் தண்ணி, சவுக்காரம், மெல்லிய பிரஷ்," என்று பாடமாக்கிக்கொண்டு எழும்பினார். என்னைப் பார்க்காமல், ஹெல்மெட்டின் வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இப்ப என்ர பக்கம் திரும்பிப் படுக்கிறா, டொக்டர்."