கைக்கு அகப்பட்ட செல்

மட்டாஞ்சேரியில் ஜாதிக்காய்க் கிடங்கில் வேலை பார்க்கும் ஆஷிஃபாவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. முப்பத்தாறு வயதில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியே தீருவேன் என்று பெரியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எங்களோடு வந்து சேர்ந்தாள்.

அன்று உயிரியல் பாடம். ரமேஷ்பாபு சார் பலகையில் செல்லின் படம் வரைந்து, “இது சவ்வு, இது உட்கரு, இது மைட்டோகாண்ட்ரியா” என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“சாரே, இது இதுன்னு சொன்னா எனக்கு எது?” என்று கேட்டாள் ஆஷிஃபா.

சார் தடுமாறிப்போனார். “சாரமில்ல, கவலைப்படாதீங்க ஆஷிஃபா. பரீட்சையில படத்துக்குப் பதிலா உங்களுக்கு வேற கேள்வி தருவாங்க. இதை விட்டுறலாம்.”

“படத்தை விட்டுறலாம். செல்லை எப்படி விடறது? என் உடம்பு முழுக்க அதுதான்னு இப்பத்தானே சொன்னீங்க!”

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் தங்கை ஜுமைலாவைப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். செல்லுக்குள் கூழ் போல ஒன்று நிறைந்திருக்கும் என்று கேட்டவுடன், நோன்பு மாதத்தில் செய்கிற மாதிரி, ஆறினால் உறைகிற கடல்பாசிக் கூழ் காய்ச்சினாள். உட்கருவுக்கு ஒரு நெல்லிக்காய். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ராஜ்மா பயறு. எண்டோபிளாச வலைக்கு மடித்துத் தைத்த ரிப்பன்; அதன்மேல் கடுகு ஒட்டினாள். புரதம் செய்யும் ரைபோசோம்கள் அவை. எல்லாவற்றையும் கிண்ணத்துக் கூழில் போட்டு, உறைந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். பொலபொலவென்று உடைந்து தட்டெல்லாம் சரிந்தது.

“போச்சு லாத்தா, செல்லு செத்துப்போச்சு” என்றாள் ஜுமைலா.

“சவ்வு இல்லாம எப்படி நிக்கும்? நாமதான் மறந்துட்டோம்.”

முதலில் பிளாஸ்டிக் பையை எடுத்தாள். சவ்வு வழியாகச் சில பொருள்கள் போகும், சில போகாது என்று ஜுமைலா வாசித்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெல்லிய துணியில் பை தைத்தாள். புதிதாகக் காய்ச்சிய கூழை, நெல்லிக்காய், பயறு, ரிப்பன் எல்லாவற்றோடும் அதில் அள்ளி வைத்துக் கட்டினாள். சற்று நேரத்தில் பையின் வெளிப்புறம் ஈரமானது. உள்ளே கூழ் அப்படியே இருந்தது.

“ஜுமைலா, தொட்டுப் பாருடி! தண்ணியை விடுது, கூழை விடல!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம்.

அடுத்த ஞாயிறு அந்த ஈரப் பை சாரின் மேஜைக்கு வந்தது. கட்டை அவிழ்த்து, எங்கள் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு கையை விடச் சொன்னாள். காய்கறி விற்கும் ஒச்சம்மாள், உயிரியல் என்றாலே தலைவலி என்பவள், வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. “அடி ஆத்தே, உள்ள ஒரு சந்தையே நடக்குது” என்றாள். எனக்கும் அதுவரை செல் என்பது ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும்தான். சார் கடைசியாகக் கையை விட்டார். நெல்லிக்காயைப் பிடித்துக்கொண்டு, “உட்கரு!” என்று சின்னப் பிள்ளை போல் சொன்னார். அதற்குப் பிறகு பலகையில் எது வரைந்தாலும் அதை வாயாலும் விளக்கிச் சொல்லத் தொடங்கினார்.

தேர்வில் செல் சவ்வைப் பற்றிய கேள்வி வந்தது. ஆஷிஃபா சொல்லச் சொல்ல அவளுக்காக விடைத்தாளில் எழுதிக்கொண்டிருந்த பள்ளி மாணவி மீனாக்ஷி, கை வலித்து நிறுத்தினாள்.

“இத்தா, இது ரெண்டு மார்க்குதான். மதி, இவ்வளவு போதும்.”

“எழுதும்மா, இன்னும் இருக்கு” என்றாள் ஆஷிஃபா.