அட்டையில் ஆயில் சொட்டு இல்லை

எங்கள் பழைய டீசல் காரில் ஏசி போட்டால் என்ஜின் ஆயில் கொதிக்கும். போடாவிட்டால் நைனா தாங்கமாட்டார். பெங்களூரில் டயாலிசிஸ் முடித்து கோலார் தங்க வயலுக்குத் திரும்பும் வழியெல்லாம் வாந்தி, மூச்சிரைப்பு. பங்காருபேட்டை ரயிலில் ஒருமுறை மயங்கியே விழுந்தார். ஆக, கார் ஓடினால்தான் சிகிச்சை.

ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக், "வித்துட்டு வேற பாருப்பா" என்றார். மெக்கானிக்கல் படித்துவிட்டு லேப்டாப் தட்டுகிறவன் நான். ஸ்பேனர் எடுக்கச் சாக்கு கிடைத்தால் விடுவேனா? ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு அடாப்டரை மாட்டினேன். அதிலிருந்து இரண்டு ஹோஸ். சூடான ஆயில் ஒன்றின் வழியே வெளியேறி, ரேடியேட்டர் பக்கம் வைத்த ஃபில்டருக்கும் கூலருக்கும் போய், மற்றதில் என்ஜினுக்குத் திரும்பும். செம செட்டப்.

ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த நைனா பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, எனக்குப் போட்டா மாதிரியே இதுக்கும் ரெண்டு பைப்பு போட்டுக்கிற?"

"அதேதான் நைனா. வெளிய போயி சுத்தமாயி உள்ள வருது."

"லீக் ஆவும் பாரு."

ஆகாது என்று காட்ட, பெங்களூர் போகும் நாளுக்கு முந்தின ராத்திரி காருக்கடியில் ஓர் அட்டையைப் போட்டு வைப்பேன். விடிந்ததும் கட்டிலிலிருந்தே குரல் வரும்.

"சொட்டு கீதா?"

"இல்ல."

"டூப் உடாத. எடுத்தாந்து காட்டு."

காட்டுவேன். பிறகுதான் சட்டை போடுவார்.

அதன்பின் போக வர ஏசி ஓடியது. நைனா பின்சீட்டில் அம்மா மடியில் தூங்கினார். டாக்டர் என்னென்னவோ சொன்னார். எனக்கு நினைவிருப்பது ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் மட்டும். அது அசையவில்லை.

ஒரு நாள் காலை குரல் வரவில்லை. நான் என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். நைனா லுங்கியோடு வெளியே வந்து, சுவரைப் பிடித்துக் குனிந்து, அட்டையைத் தானே இழுத்துப் பார்த்தார்.

"நல்லா பண்ணிக்கிறடா" என்றார். "நான் வரல. இனிமே வோணாம்."

"வண்டி சூடே ஆவல நைனா."

"தெரியும்."

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அம்மா சமையலறைப் பின்வாசல் வழியே சாப்பாட்டுப் பையோடு வந்து பின்சீட்டில் ஏறி, வழக்கம்போல ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

"நைனா எங்கடா?"

வீட்டைக் காட்டினேன். அவள் இறங்கவில்லை. நானும் என்ஜினை நிறுத்தவில்லை. முள் அதே இடத்தில் நின்றது. ஏசி நன்றாகத்தான் வந்தது.