செசிலியா டீச்சருக்கு விழுந்த சீட்டு

செசிலியா டீச்சர் விசுவாசத்தைக் கைவிட்ட பிறகுதான் இறந்தார் என்று சொல்லப்படுகிறது. அது பிழை. அவரைப் பற்றி எழுதும்போது அழகான வசனம் ஒன்றோடு தொடங்கவே எனக்கும் விருப்பம். ஆனால் பிழையொன்று திருத்தப்படாமல் கிடக்கும்போது அதைத் தாண்டிப் போக எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

செய்தி ஒரு காலையில் வந்தது. பிக்கரிங்கில் இருக்கும் அவருடைய தங்கை றெஜினா தொலைபேசியில் அழைத்து, "அக்கா போயிட்டா, மிஸிஸ் அருளப்பு. நித்திரையிலயே போயிட்டா" என்றார். நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அடுப்பை அணைத்து, உடுப்பு மாற்றி, தலை வாரிய பிறகே இருந்து அழுதேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செசிலியா யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவர். மருத்துவமும் கணக்கியலும் தேடி ஓடிய காலத்தில் அதிகம் பேர் எடுக்காத பாடம் அது. ரொறன்ரோவுக்கு வந்து ஓய்வுபெற்ற பின், மில்லிக்கனில் பிளாசா ஒன்றின் மேல்மாடி அறையில், வியாழக்கிழமைப் பின்னேரங்களில், எங்களைப் போன்ற முதியவர்களுக்கு அதையே மறுபடி படிப்பித்தார். கீழே உணவுக்கடையில் கொத்துரொட்டி போடும் சத்தம் ஓயாது. அதற்காக அவர் குரலை உயர்த்தியதில்லை. நாங்கள்தான் கதிரைகளை முன்னுக்கு இழுத்துக்கொள்வோம்.

என் கணவர் இறந்த மாரிகாலத்தில்தான் நான் அந்த வகுப்புக்கு முதலில் போனேன். வீட்டுக்கு வந்த எல்லோரும் அவர் நல்ல இடத்தில் இருக்கிறார் என்றே சொன்னார்கள். செசிலியா அப்படிச் சொல்லவில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். பிறகு, "வியாழக்கிழமை நாடகத்தைப் பற்றிப் படிப்பிக்கிறன். வாங்கோ" என்றார்.

"இந்த நேரத்தில நாடகமோ, டீச்சர்?"

"இந்த நேரத்துக்கெண்டுதான் அவையள் அதைக் கண்டுபிடிச்சவை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனேன். மலைச்சரிவில் வெட்டிய படிகளில் ஒரு நகரமே பகல் வெளிச்சத்தில் தோளோடு தோள் இருந்து, யாரோ ஒரு வீட்டின் துக்கத்தைப் பார்த்ததை அன்று அவர் விவரித்தார். "துக்கத்தை வீட்டுக்குள்ள பூட்டி வைக்கத் தேவையில்லை எண்டு ஒரு ஊர் முடிவெடுத்தது. அது சின்ன விசயமில்லை" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, யன்னலைப் பார்த்தே சொன்னார். அந்த மரியாதைக்காக அடுத்த வியாழனும் போனேன். அதன் பின் விட்டதில்லை.

கிரேக்கரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுபவராக அவரை நினைத்துவிட வேண்டாம். ஏதென்சில் குடிமக்கள் கூடி வாக்களித்து ஆட்சி நடத்தியதைப் படிப்பித்த அன்று நான் கேட்டேன்: "அந்தக் கூட்டத்தில பொம்பிளையள் எங்க இருந்தவை?"

"வீட்டில, தறியில. அடிமைகள் வெள்ளிச் சுரங்கத்தில. அதையும் ஞாபகம் வச்சிருங்கோ."

"அப்ப என்னத்துக்கு உவையளைப் பற்றிப் படிக்கிறது?"

"உது சரியோ எண்டு ஆரையும் நிமிர்ந்து கேக்கலாம் எண்டதையும் அவையளிட்டத்தான் படிச்சனான், மிஸிஸ் அருளப்பு."

ஒருமுறை எங்களை நகரத்து ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அதன் முகப்பிலே பெரிய கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. வேலைக்கு ஓடுகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போக, அந்தக் குளிரில் நின்று அவர் விளக்கினார். தூண் முழுவதும் நேராக இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இடை ஒடுங்கியதாகத் தெரியும். அதனால் கிரேக்கர் நடுவில் மிகச் சிறிதாகப் பருக்க வைத்துக் கட்டினார்கள். கண் ஏமாறும் என்பதைக் கணக்கில் எடுத்துக் கட்டியவர்கள் அவர்கள்.

பிறம்ரனில் களஞ்சிய வேலை செய்து ஓய்வுபெற்ற அன்ரன் அண்ணை, "எங்கட ஊர்க் கோயில் தூணும் உப்பிடித்தான், டீச்சர்" என்றார்.

"ஊர்க் கோயில் தூணை நீங்கள் எங்க பாத்தனீங்கள்? பூசை முடியுமட்டும் அதில சாய்ஞ்செல்லோ நிண்டனீங்கள்."

எல்லோரும் சிரித்தோம். அப்படியானால் இந்த நிலையத்துத் தூண்களிலும் அந்தப் பருமன் உண்டா என்று ஒருவர் கேட்டார். "எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறதும் இந்தப் பாடத்தில ஒரு பகுதிதான்" என்றார் செசிலியா.

இப்போது அந்தப் பிழைக்குக் காரணமான பேச்சுக்கு வருகிறேன்.

ஏதென்ஸ் நீதிமன்றத்தில் இரு தரப்புக்கும் நேரத்தைத் தண்ணீரால் அளந்தார்கள். துளையிட்ட பானையில் நீர் ஒழுகி முடிந்தால் பேச்சு முடிந்தது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு தண்ணீர். செசிலியா யோகட் டப்பா ஒன்றின் அடியில் ஊசியால் துளையிட்டு அதையே எங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரு விதியும் வைத்தார். எந்தத் தரப்பில் பேசுவது என்பதை நாங்கள் தெரிவு செய்ய முடியாது. சீட்டுக் குலுக்கி, எது விழுகிறதோ அந்தத் தரப்பில் பேச வேண்டும். பேச்சு முடிந்ததும் ஒரு தரப்புக்குக் கௌபிப் பயறும் மறு தரப்புக்கு உளுந்தும் போட்டு வாக்கெடுப்போம்.

அவருடைய கடைசி வகுப்பில் எடுத்துக்கொண்ட விடயம், உயிர் உடலோடு அழியுமா என்பது. கிரேக்கரே இதில் இரண்டாகப் பிரிந்து நின்றவர்கள். எல்லாமே நுண்ணிய துகள்கள், சாவில் உயிரும் சிதறிவிடும் என்று ஒரு சாரார். உயிர் உடலுக்குள் வந்து தங்கிப் போவது என்று மறு சாரார். அழியாது என்ற சீட்டு எனக்கு விழுந்தது. அழியும் என்பது அவருக்கு விழுந்தது. சீட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அதிட்டம், மிஸிஸ் அருளப்பு. எனக்குத்தான் வேலை" என்றார்.

நான் கன்னியர் மடத்தில் மறைக்கல்வியில் முதற்பரிசு பெற்றவள். இதில் தோற்க முடியாது என்று நினைத்துப் பேசினேன். பிறகு அவர் எழுந்தார். "விளக்கில எண்ணெய் முடிஞ்சால் சுடர் எங்க போச்சுது எண்டு ஆரும் தேடுறதில்லை. அது ஒரிடத்துக்கும் போறதில்லை. உயிரும் அப்பிடித்தான்" என்று தொடங்கினார். கீழே கொத்துச் சத்தமும் அடங்கிவிட்டது போலிருந்தது. அன்ரன் அண்ணை கைத்தொலைபேசியை எடுத்து அவரைப் பதிவு செய்யத் தொடங்கினார்.

தண்ணீர் முடிந்தது. கத்தோலிக்கர் நிறைந்த அந்த அறையில் நான் தோற்றேன்.

செசிலியா கதிரையில் போய் இருந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "இனிச் சொல்லுறது என்ர சொந்த வாயால. நான் செத்தால் என்ர ஆத்துமாவுக்குப் பூசை வைக்காமல் விட்டிடாதேங்கோ. மிஸிஸ் அருளப்பு இவ்வளவு மோசமா வாதாடினதுக்குப் பிறகு எனக்கு அது கட்டாயம் வேணும்."

அந்த அறையில் இருந்த எல்லோரும் இதைக் கேட்டோம். ஆனால் காணொளியில் இது இல்லை. சீட்டு எடுத்ததும் இல்லை. அன்ரன் அண்ணை பதிவைத் தொடங்கியது அவர் எழுந்த பிறகு. தண்ணீர் முடிந்ததும் நிறுத்திவிட்டார். "தண்ணி முடிஞ்சால் பேச்சு முடிஞ்சுதுதானே, அதுதான் நிப்பாட்டினனான்" என்று இன்றைக்கும் சொல்லிக் கலங்குகிறார். வகுப்பின் விதியை அவ்வளவு ஒழுங்காகப் படித்திருந்தார். டீச்சரின் பேச்சு வடிவாக இருக்கிறதென்று பெருமையோடு மகளுக்கு அனுப்பினார். மகள் இன்னொருவருக்கு அனுப்பினாள். செசிலியா இறந்த செய்தியோடு சேர்ந்து அது எல்லாக் கைகளுக்கும் போய்விட்டது.

செசிலியாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் றெஜினா என்னை ஒரு பக்கமாக அழைத்துப்போய் அதைப் போட்டுக் காட்டினார்.

"இது அக்காவின்ர குரல்தானே?"

"குரல் அவவின்ர. தரப்பு சீட்டில விழுந்தது."

"சாகப்போற கிழமையள்ல ஆராவது உதில பகிடி விடுவினமோ?"

"தங்கச்சி, பிழை என்னிலதான்" என்று அன்ரன் அண்ணை இடையில் வந்தார்.

"நீங்கள் சும்மா இருங்கோ, அண்ணை. முப்பத்தோராம் நாள் நினைவு மலரில உந்தக் கிரேக்கரைப் பற்றி ஒரு சொல்லும் வராது" என்றார் றெஜினா.

அதன் பின் அதைச் சேர்க்கும்படி நான் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "பாப்பம்" என்றே பதில் வந்தது. செசிலியாவின் படம், பிறந்த ஊர், செபங்கள், உறவினர் பெயர்கள் எல்லாம் மலரில் இருக்குமாம். அவர் வாழ்நாள் முழுவதும் படிப்பித்த பாடம் மட்டும் இருக்காது.

செசிலியாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். நான் தோற்ற அன்று அவர் சொன்னார்: "உங்களுக்கு விசுவாசம் காணாமல் இல்லை. மற்றப் பக்கம் என்ன சொல்லும் எண்டு யோசியாமல் வந்தனீங்கள். முதல்ல அவையின்ர நியாயத்தை, அவையே ஓமெண்டு தலையாட்டுற மாதிரிச் சொல்லப் பழகுங்கோ." இந்த வயதில் அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே றெஜினாவின் நியாயத்தை முதலில் சொல்கிறேன். அவர் அந்த வகுப்பில் இருக்கவில்லை. அக்காவின் கடைசிக் குரலாக அவர் கேட்டது அந்தச் சுடரைப் பற்றிய வசனத்தைத்தான். தான் செபிக்கும் அக்கா தன் செபத்தை நம்பாமல் போனாவோ என்ற பயம் எந்தத் தங்கைக்கும் தாங்க முடியாதது. மலர் வீடுகளில் நெடுங்காலம் இருக்கும். அதில் அந்தப் பாடத்தைக் குறிப்பிட்டால் காணொளியும் சேர்ந்து நினைவுக்கு வரும். பேசாமல் விட்டால் காலப்போக்கில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இவை நல்ல நியாயங்கள். அவரது இடத்தில் நான் இருந்திருந்தால் இதையேதான் செய்திருப்பேன்.

என் பதில் இது, றெஜினா. மலர் பேசாமல் இருந்தால் காணொளி மட்டுமே பேசும். மறைத்தார்கள் என்றால் உண்மைதான் போலும் என்று சனம் முடிவெடுக்கும். உங்கள் அக்கா பூசை கேட்டதற்கு ஒரு வகுப்பே சாட்சி. அந்தச் சாட்சியம் அச்சில் வருவதற்கு அந்த மலரைவிட வேறு இடம் இல்லை.

றெஜினா, ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சீட்டு, அவர் பேசியது, பிறகு சொன்னது மூன்றும் அதில் உண்டு. வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். மலரில் அதைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்று தயவுசெய்து எழுத்தில் அறியத்தாருங்கள். மாட்டீர்கள் என்றால் காரணத்தையும் எழுதுங்கள்.