நான்காம் நாள் முட்டை

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது தங்கி மூன்று மாதமாகியிருந்தது. பயத்தில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரே செல்லிலிருந்து உடம்பு உருவாகும் பாடம் வந்தது. கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்து பார்த்தேன், யாருக்கும் ஏறவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அவர் கணவருக்குத் தோல் வியாபாரம். அக்கா கோழி வளர்த்தார்.

"அடை வச்சு நாலு நாளாச்சு டீச்சரம்மா. ரெண்டு எடுத்துக்கங்க" என்றவர், துணியில் சுற்றும்போது தயங்கினார். "உடைக்கவா?"

"ஆமாக்கா, பிள்ளைகளுக்குக் காட்டணும்."

இரண்டையும் சுற்றி முடித்து என் கையில் வைத்தார்.

வகுப்பில், வெதுவெதுப்பான உப்புநீரில் முதல் முட்டையை உடைத்து இறக்கினேன். மஞ்சள் கருவின்மேல் சிவப்பு நூல்கள். நடுவில் கடுகளவு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றார்கள். கறுப்புப் புள்ளியாக இருந்த கண்ணைக் காட்டினேன்.

"எந்த செல் கண்ணாகணும்னு யாரு டீச்சர் சொல்றது?" என்றாள் ரெட்டியார்சத்திரத்திலிருந்து வரும் பெண்.

"பக்கத்துல இருக்கிற செல்லுகதான். மூளையிலேருந்து சின்னக் குமிழ் ஒண்ணு புடைச்சு வந்து மேல்தோலை ஒட்டும். சேதி கிடைச்ச இடத்துத் தோல், கண்ணோட லென்ஸா மாறிரும்."

"ஒட்டலேன்னா?"

"வெறும் தோலாவே நின்னுரும்."

என் வயிற்றுக்குள்ளும் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முன்பு இரண்டு தடவையும் எங்கே தவறியதோ, நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பாத்திரத்தில் துடிப்பு மெல்ல அடங்கியது. இரண்டாவது முட்டையை உடைக்கக் கை வரவில்லை.

மதிய மணி அடித்ததும் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். "ஆறிப் போயிருக்குமா அக்கா?"

கோழியின் அடியில் வைத்துவிட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை மாசம்?"

"மூணு" என்று அழுதுவிட்டேன்.

"சாருக்குத் தெரியுமா?"

"இல்லக்கா. மறுபடி கலைஞ்சா அவரு தாங்கமாட்டாரு."

"நீங்க மட்டும் தனியாத் தாங்குவீகளாக்கும்? இன்னைக்கே சொல்லுங்க."

கணவருக்குக் கொடைரோடு ஸ்டேஷனில் வேலை. மாலை ரயிலில் வந்தவரிடம் வாசலிலேயே சொன்னேன். என் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டார். "இனிமே தண்ணி நான் எடுத்தாறேன்."

அந்த முட்டை பொரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அக்கா வீட்டுக் குஞ்சுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

தை மாதம், நாள் நிறைந்து மகள் பிறந்தாள். குழந்தையை வாங்கத் தெரியாமல் கணவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றார்.